பழைய பிக்கப்புக்கு ஸ்வே பார்: முன்னாலா, பின்னாலா, வேண்டவே வேண்டாமா?

என்னிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150. ஒற்றை கேபின், எட்டடிப் பெட்டி, பின்சக்கர இயக்கம். ஆண்டில் பத்து மாதம் அது வெறும் பெட்டியோடு ஓரிகன் மாநிலத்தின் மழையில் ஓடுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மட்டும் அதன் முதுகில் கூரை மடங்கும் வகைக் கேம்பர் (பயணத்தில் தங்குவதற்கான கூண்டு) ஒன்று ஏறுகிறது. வெறும் வண்டியாக ஓட்டும்போது பெரிய குறை எதுவும் சொல்ல முடியாது. கேம்பர் ஏறிவிட்டால், போர்ட்லாண்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் 26-ஆம் எண் நெடுஞ்சாலையின் மலைத் திருப்பங்களில், தலைச்சுமையோடு நடப்பவர் போல ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் சாய்ந்து, தயங்கி, பிறகே நிமிர்கிறது. இதற்கு மருந்து ஸ்வே பார்தான் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். எந்தப் பக்கத்துக்கு, எவ்வளவு பருமனில், அதற்கு முன் வேறென்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு மட்டும் ஆளுக்கொரு பதில் வந்தது. ஆகவே ஒரு குளிர்காலம் முழுவதும் வண்டிக்கு அடியில் படுத்தும், காகிதத்தில் கணக்குப் போட்டும் நான் ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

ஸ்வே பார் என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார் என்று சொல்லப்படும் அதே உருப்படிதான். ஸ்பிரிங் எஃகில் செய்த தடித்த கம்பி ஒன்று, இரு முனைகளும் மடிந்து, அகன்ற 'ப' எழுத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். அதன் நீண்ட நடுப்பகுதி, புஷ் எனப்படும் இரண்டு ரப்பர் உறைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். மடிந்த கைகளின் நுனிகளை எண்ட் லிங்க் எனப்படும் குட்டைத் தண்டுகள் பிடித்திருக்கும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஒரு வேகத்தடையில் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழன்று கொடுக்கிறது. வளைவில் உடல் சாய்ந்து, ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்போதுதான் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கப்பட்ட கம்பி நேராக முயல்வதுதான் சாய்வைக் குறைக்கிறது.

இந்தக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்பதை விலைப்பட்டியலைப் பார்க்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஓர் அங்குலக் கம்பியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குப் போனால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. ஒன்றே அரைக்கால் அங்குலத்திலேயே அது 1.6 மடங்கு. கையின் நீளமும் கணக்கில் வரும்: கை நீள நீளக் கம்பி இளகும், குறுகக் குறுக இறுகும். உள்ளே துளையுள்ள குழாய்க் கம்பிகளும் விற்கின்றன. வெளிவிட்டம் ஒன்றேகால் அங்குலமும் உள்விட்டம் முக்கால் அங்குலமும் கொண்ட குழாய், அதே பருமனுள்ள திடக் கம்பியின் விறைப்பில் 87 விழுக்காட்டைத் தந்து, எடையில் 64 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. பந்தயக் காருக்கு அது பெரிய லாபம். நாலாயிரம் பவுண்டைத் தாண்டிய பழைய பிக்கப்புக்கு அந்தக் கூடுதல் காசு வீண் என்பது என் கருத்து.

ஸ்வே பார் எதைச் செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடையின் மொத்த அளவை முடிவு செய்பவை இவைதான்: வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம், வளைவின் கூர்மை, அதை எடுக்கும் வேகம். கம்பி இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. மாறும் எடையில் எவ்வளவு முன் அச்சின் வழியாகவும் எவ்வளவு பின் அச்சின் வழியாகவும் போகட்டும் என்று பங்கு பிரிப்பதே அதன் வேலை. கணக்குக்காக, சக்கர அகலம் 65 அங்குலம், எடை மையத்தின் உயரம் 30 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், வண்டி கவிழத் தேவையான பக்க விசை புவியீர்ப்பில் 1.08 மடங்கு, கேம்பர் ஏறி எடை மையம் 40 அங்குலத்துக்கு உயர்ந்தால் அது 0.81 ஆகக் குறைகிறது. எவ்வளவு தடித்த கம்பியைப் போட்டாலும் இந்த எல்லை பெயரளவுக்கே நகரும். சாய்வு குறைந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர், ஓட்டுநருக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துக்கொண்டு ஓட்டுகிறார். பெயரில் உள்ள 'ஸ்வே' என்ற சொல்லும் குழப்பம் தரும். பின்னால் இழுக்கும் டிரெய்லர் பாம்பு போல வாலாட்டுவதற்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நோய்க்கு இது மருந்தாகாது. அதற்கு எடைப் பங்கீடும் இணைப்பிலேயே பொருத்தும் தனிக் கருவியும் இருக்கின்றன.

கடைக்குப் போகும் முன் நான் போன முதல் இடம் எடை மேடை. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல், ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சடித்துத் தரும். வெறும் வண்டிக்கு முன்னால் 2,480, பின்னால் 1,760 பவுண்டு. கேம்பரும் அதன் தண்ணீரும் சாமானும் ஏறிய பிறகு முன்னால் 2,620, பின்னால் 3,340. ஏறிய 1,720 பவுண்டில் 1,580, அதாவது நூற்றுக்கு 92 பங்கு, பின் அச்சின் தலையில் விழுந்திருந்தது. மொத்த எடை, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் 6,250 பவுண்டு எல்லைக்குள் அடங்கியது என்பது ஆறுதல். அந்த எல்லையைத் தாண்டிய வண்டிக்கு எந்தக் கம்பியும் தீர்வாகாது. சுமையை இறக்க வேண்டும், அல்லது பெரிய வண்டி வாங்க வேண்டும்.

புதிதாக எதுவும் சேர்க்காமல் இருப்பதைத் துடைத்துப் புதுப்பிப்பதுதான் முதல் வழி. இதை வழி என்றே பலர் எண்ணுவதில்லை. முப்பது வயதான வண்டியில் எது சாய்வு, எது தேய்வு என்று பிரித்தறிவது எளிதல்ல. ஃபோர்டின் இந்த மாதிரிகளில் முன்பக்கம் ட்வின் ஐ-பீம் என்ற அமைப்பு இருக்கிறது. 1965-இல் வந்து, எஃப்-150-இல் 1996 வரை நீடித்தது. இரண்டு தனித்தனி உத்தரங்கள், ஒவ்வொன்றும் தனக்கு எதிர்ப்பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டத்தோடு கீல்போலப் பிணைக்கப்பட்டு, முன்பின் நகராதபடி ரேடியஸ் ஆர்ம் எனப்படும் நீண்ட கைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தக் கைகளின் பின்முனையில் உள்ள புஷ் நைந்துவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உத்தரம் முதலில் ஒரு நூல் நகர்ந்து, பிறகே வண்டி திரும்பும். இருக்கையில் இருப்பவருக்கு அது சாய்வு போலவே தோன்றும். இதற்குத் தடித்த பார் வாங்கிப் போட்டவர், நோய் ஓரிடமும் பற்று ஓரிடமுமாகத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

என் வண்டியில் முன்பக்கம் கம்பெனி ஃபிட்டிங்காகவே ஒரு ஸ்வே பார் இருந்தது. அதைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபோது, விரல் நுழையும் அளவுக்கு ஆடியது. புஷ்ஷைக் கழற்றினால் வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது; ரப்பர் நகத்தால் கீறினாலே கருந்தூளாக உதிர்ந்தது; எண்ட் லிங்க்கின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிபோலப் பளபளத்த தேய்மானப் பள்ளம். அதாவது வண்டி கணிசமாகச் சாய்ந்த பிறகுதான் அந்தக் கம்பி வேலையே தொடங்கியிருக்கிறது. புது புஷ்களுக்கும் லிங்க்குகளுக்கும் ஆன செலவு, குடும்பத்தோடு ஓர் உணவகத்துக்குப் போய் வந்த செலவுதான்.

ஷாக் அப்சார்பர்களைப் பற்றி ஒரு தெளிவு தேவை. நீண்ட வளைவில் வண்டி கடைசியாக எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஷாக் தீர்மானிப்பதில்லை. அந்தச் சாய்வுக்கு எவ்வளவு விரைவாகப் போகிறது, போனபின் எத்தனை முறை ஊசலாடுகிறது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ஒரு திருப்பத்திலிருந்து எதிர்த்திருப்பத்துக்கு மாறும்போது அச்சம் தருவது பெரும்பாலும் அந்த ஊசலாட்டமே. டயரும் அப்படித்தான். கார் வகை டயரை லைட் டிரக்கில் போட்டால், அதன் பக்கவாட்டில் அச்சடித்த சுமையை 1.10-ஆல் வகுத்து வருவதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். 2,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் சுமார் 1,818. என் பின் டயர் ஒவ்வொன்றின் மீதும் நேர்ச்சாலையிலேயே 1,670 இருந்தது. வளைவில் வெளிப்பக்க டயர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. விறைப்பான பக்கச்சுவர் கொண்ட எல்டி (லைட் டிரக்) வகை டயருக்கு மாறி, சுமைக்கேற்ற காற்றும் வைத்தபோது, வண்டி டயரின் மேல் நெளிந்துகொண்டிருந்த உணர்வு மறைந்துவிட்டது.

இந்த முதல் வழியிலேயே எனக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்று மதிப்பிடுகிறேன். மீதிப் பாதிக்குத்தான் கீழ்க்கண்ட வழிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

முன்பக்கம் இன்னும் தடித்த பார் போடலாம் என்பது அவற்றில் பாதுகாப்பான யோசனை. எந்த அச்சில் சாய்வுவிறைப்பைக் கூட்டுகிறோமோ, அந்த அச்சின் டயர்களுக்குள் எடைமாற்றத்தின் பெரும்பங்கு நடக்கும். அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். முன்பிடிப்பு குறைந்தால் வண்டி வளைவில் நேராகப் போக முனையும். ஓட்டுநர் இயல்பாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வண்டி அடங்கும். தினமும் வெறும் பெட்டியோடு ஓட்டுகிறவர், சுமையே ஏற்றாதவர், சாய்வு மட்டும் பிடிக்கவில்லை என்றால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பக்கமே பார் இல்லாமல் வந்த பழைய வண்டிகள் பல உண்டு. 1973 முதல் 1986 வரையிலான ஷெவர்லே சி-10 வண்டிகளிலும் பார் இல்லாதவற்றைக் காணலாம். அவற்றுக்குப் பின்பக்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் முன்பக்கம் போட்டாக வேண்டும் என்பேன்.

ஆனால் என் சுமை பின்னால் இருக்கிறது. முன்னால் போடும் கம்பி பின்னால் சாயும் கேம்பரைப் பிடிக்க வேண்டுமானால், இடையில் உள்ள சட்டம் விறைப்பாக இருந்து அந்த விசையைக் கடத்த வேண்டும். பழைய பிக்கப்பின், ஆங்கில 'C' வடிவில் ஒரு பக்கம் திறந்த சட்டம் அப்படி விறைத்து நிற்பதில்லை. ஐயமிருந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் நடைபாதை ஓரத்தில் ஏற்றி நிறுத்தி, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். என் வண்டியில் ஒரு பக்கம் கட்டைவிரல் தாராளமாகப் போகிறது. மறுபக்கம் சுண்டுவிரலைத்தான் நுழைக்க முடிகிறது. கேபின் ஒரு கோணத்திலும் பெட்டி இன்னொரு கோணத்திலும் நிற்கின்றன. சுமையேற்றிய பின்பாகத்தை முன்னாலிருந்து அடக்குவது என்பது துணிமூட்டையை ஒரு மூலையில் பிடித்து நிமிர்த்துவது போன்ற வேலை.

பின்பக்க ஸ்வே பார்தான் கேம்பர் சுமப்பவர்கள் அதிகம் வாங்குவது. எஃகுப் பட்டைகளை அடுக்கிய பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகள் சட்டத்தை ஒட்டி, சக்கரங்களைவிட வெகுவாக உள்ளே தள்ளி அமைந்திருக்கின்றன. ஸ்பிரிங் சாய்வுக்குத் தரும் எதிர்ப்பு அந்த இடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், சுமை தாங்குவதில் வலுவாக இருக்கும் அதே ஸ்பிரிங் சாய்வைத் தடுப்பதில் சோடை போகிறது. அந்தக் குறையைச் சுமை இருக்கும் இடத்திலேயே நிரப்புகிறது பின்பக்கக் கம்பி. கலிஃபோர்னியாவின் விசாலியாவில் இயங்கும் ஹெல்விக் போன்ற நிறுவனங்கள் பழைய மாதிரிகளுக்கும் இத்தகைய கிட்களைத் தொடர்ந்து விற்றுவருகின்றன. பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் முடிகிற காரியம்.

இதன் மறுபக்கம் வெறும் வண்டி. 1,760 பவுண்டுதான் பின்னால் இருக்கிறது, ஸ்பிரிங்கோ ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்தது, தரை ஈரம்: இந்த நிலையில் பின் அச்சின் சாய்வுவிறைப்பை மேலும் கூட்டினால், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டப்பாதையில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினாலும் வால் வெளியே வழுக்கும். இந்த மாதிரிகளில் 1987 முதல் வந்த ஏபிஎஸ் பின்சக்கரங்களுக்கு மட்டுமானது. பிரேக் போடும்போது அவை பூட்டிக்கொள்ளாமல் பார்க்குமே தவிர, பக்கவாட்டில் வழுக்கும் வண்டியை நேராக்கும் மின்னணு ஏற்பாடு எதுவும் அந்தக் காலத்து வண்டியில் கிடையாது. ஆகவே பின்பக்கக் கம்பி வாங்குவதானால், விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தடித்த அளவை விட்டுவிட்டு, மிதமான பருமனும் கையில் இரண்டு மூன்று துளைகளும் உள்ளதை வாங்க வேண்டும். லிங்க்கை வெளித்துளையில் மாட்டினால் கை நீளம், கம்பி இளக்கம். உள்துளையில் மாட்டினால் இறுக்கம். பத்து அங்குலக் கைக்கும் பதினொன்றரை அங்குலக் கைக்கும் இடையில் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு கிடைக்கிறது. பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள இரண்டு போல்ட் கழற்றும் வேலைதான்.

இடம் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி, அதற்குத் தரையில் படுத்துத்தான் பதில் காண முடியும். என் வண்டியில் இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று நடுவில் சட்டத்தின் ஓரமாக, மற்றது பின் அச்சுக்குப் பின்னால் சட்டத்தின் இரு கைகளுக்கும் நடுவே. அச்சுக்குப் பின்னால் கை நீளும் கம்பியை வாங்கினால் அது அந்த டேங்க்கின் பட்டையோடு உரசும். பின் அச்சின் உறையான ஹவுசிங்கின் மேல் ஏபிஎஸ் சென்சாரும் பிரேக் ஹோஸ் பிரியும் கட்டையும் உட்கார்ந்திருக்கின்றன. ஹவுசிங் குழாயின் மேலாகவே மெல்லிய எஃகு பிரேக் குழாய் ஓடுகிறது. கம்பியைப் பிடிக்கும் யூ போல்ட் அந்தக் குழாயை நசுக்கிவிட்டால், சாய்வைத் தீர்க்கப் போய் பிரேக்கைத் தொலைத்த கதையாகும். சைலன்சர் குழாய் அச்சைத் தாண்டும் இடம், ஹேண்ட் பிரேக் கேபிள், உபரிச் சக்கரம் எல்லாவற்றையும் அளந்து, கிட்டின் படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும். இரண்டு டேங்க் உள்ள வண்டிக்கும் ஒரு டேங்க் வண்டிக்கும் கிட் எண் வேறுபடலாம்.

முன்னும் பின்னும் சேர்த்து ஒரே ஜோடியாக வாங்குவது, சமநிலை கெடாது என்பதால், தாழ்த்திக் கட்டிய காட்சி வண்டிகளுக்கு ஏற்றது. காட்டுப்பாதையில் போகிறவர்களுக்கும் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கும் அது தொல்லை; ஒரு பக்க அதிர்ச்சியைக் கம்பி மறுபக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். செலவும் இரட்டிப்பு. நான் அதை விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன்.

ஏர் பேக் வைப்பதுதான் நண்பர்கள் மிகுந்த உற்சாகத்தோடு பரிந்துரைத்த மாற்று. லீஃப் ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர்க் காற்றுப்பை ஒன்றைப் பொருத்தி, சுமைக்கேற்பக் காற்றடிப்பது. பின்பக்கம் தாழ்ந்து விளக்கு வானத்தைப் பார்க்கிறது என்பது குறையானால் இதைவிட நல்ல தீர்வு இல்லை. சுமை இறங்கியதும் காற்றைக் குறைத்துவிடலாம் என்பதும் பெரிய வசதி. ட்வின் ஐ-பீம் வண்டிக்கு இதில் கூடுதல் பயனும் உண்டு, ஏனென்றால் முன்பக்க உயரம் மாறினால் சக்கரத்தின் செங்குத்துச் சாய்வும் மாறி, டயர் ஓரமாகத் தேயும். ஆனால் சாய்வைக் குறைப்பதில் ஏர் பேக்கின் பங்கு சிறியது. இரண்டு பைகளையும் ஒரே குழாயில் பிணைத்து ஒரே வாயில் காற்றடிக்கும் மலிவான அமைப்பில் அந்தச் சிறு பங்கும் போய்விடும்: வளைவில் அமுங்கும் பையிலிருந்து காற்று மறுபக்கப் பைக்கு ஓடி, சாயும் பக்கத்தை மேலும் சாய விடும். ஆகவே வாங்குவதானால் ஒவ்வொரு பைக்கும் தனிக்குழாயும் தனி வால்வும் இருக்க வேண்டும். கூடுதல் லீஃப் சேர்ப்பதும் இதே வகைதான், ஒரே வேறுபாடு என்னவென்றால் அதைக் கழற்றி வைக்க முடியாது. மீதிப் பத்து மாதமும் முதுகுத்தண்டு அதற்கு வட்டி கட்டும்.

பழைய வண்டிகள் உடைக்கும் யார்டுக்குப் போய், அதே தலைமுறையைச் சேர்ந்த வேறொரு வண்டியின் கம்பெனி பாரைக் கழற்றி வருவது என் மனத்துக்குப் பிடித்த வழி. இங்கே நாமே ஸ்பேனர் கொண்டுபோய்க் கழற்றிக்கொள்ளும் யார்டுகள் உண்டு. விலை கிட்டின் ஒரு பகுதிதான். ஸ்பிரிங் எஃகுக் கம்பி எளிதில் கெடாது. புஷ் உட்காரும் இடத்தில் ஆழமான துருக்குழி இல்லாமலும், மடிப்புகளில் விரிசல் இல்லாமலும் இருந்தால் போதும். புஷ்ஷும் லிங்க்கும் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறோம். மூன்று சனிக்கிழமைகள் மழையில் நனைந்து தேடியும் பின்பக்க பார் உள்ள எஃப்-150 எனக்குக் கிடைக்கவில்லை. எஃப்-250-இல் ஒன்று கிடைத்தது. அதன் ஹவுசிங் குழாய் பருமனானது என்பதால் பிடிப்பான்கள் என் 8.8 அங்குல அச்சுக்கு ஒத்துவரவில்லை. நேரமும் அதிர்ஷ்டமும் உள்ளவர்கள் இதை முதலில் முயலலாம்.

ஆகவே நான் முடிவில் செய்தது இதுதான்: முன்பக்கம் பழைய கம்பெனி பாரையே புது புஷ்களோடு வைத்துக்கொண்டேன், நான்கு ஷாக், எல்டி டயர்கள், பின்பக்கம் ஓர் அங்குலத் திடக்கம்பி, இரண்டு துளைகளுடன். ஏர் பேக்கை இந்த ஆண்டு தவிர்த்தேன், ஏனெனில் கேம்பர் ஏறியும் முன்பக்க உயரம் கணிசமாக மாறவில்லை. ஆண்டு முழுவதும் பெட்டியில் கருவிப்பெட்டிகளும் ஏணியும் சுமக்கிறவருக்கு இதே கம்பி இன்னும் பொருத்தம். வெறும் வண்டியையே ஓட்டுகிறவர் பின்பக்கம் தொடாமல் இருப்பது நல்லது.

பொருத்துவதைப் பட்டறையில் விடலாமா, நாமே செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில் சற்றுப் பக்கச்சார்பானது. நண்பர் ஒருவரின் வண்டிக்கு ஒரு பட்டறையில் பாலியூரித்தேன் புஷ்ஷை உலர்ந்தபடியே மாட்டி, வண்டியைத் தூக்கிவைத்து அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா நட்டையும் முறுக்கி அனுப்பிவிட்டார்கள். தரையில் இறங்கியதும் கைகள் எங்கே போகும், எதில் இடிக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதம் பழைய கட்டில் போலக் கிறீச்சிட்டது. சட்டத்தில் துளையிட வேண்டாத கிட் என்றால் இரண்டு ஸ்பேனர், முறுக்கும் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு பகல்பொழுது போதும். துளையிட வேண்டுமென்றால் சட்டத்தின் நிமிர்ந்து நிற்கும் முகத்தில்தான் போட வேண்டும். மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதோ, வெல்டிங்கால் ஓட்டை போடுவதோ கூடாது. அதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் சரி. மண்பானை போலச் சத்தம் வந்து செதில் உதிர்ந்தால், கம்பி வாங்கும் எண்ணத்தை நிறுத்திவிட்டு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்திலிருந்து வந்த வண்டிகளில் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் ஷாக்கிளே துருவில் கரைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் வண்டியைச் சமதரையில், பின்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்படி நிறுத்தினேன். புஷ்களின் உட்புறத்தில் சிலிக்கான் கிரீஸை விரலால் தடவி, எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, கம்பி நடுவில் இருக்கிறதா என்று இரு பக்கமும் அளந்து, லிங்க் கைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும்படி சரிசெய்து, கடைசியாகத்தான் முறுக்கினேன். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, மறுபக்கம் தொங்கும் நிலையில், டார்ச் வெளிச்சத்தில் டேங்க் பட்டையையும் பிரேக் குழாயையும் ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தேன். சைலன்சர் குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. குழாயின் தொங்கு ரப்பரை ஒரு கொக்கி தள்ளி மாட்டியதில் இரண்டு விரலானது.

ஜூலையில் கேம்பரோடு 84-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஹூட் ரிவர் வரை போனேன். மேற்கிலிருந்து வரும் காற்று கோடையில் அங்கே ஓயாது. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுவது முன்போலவே இருந்தது, கம்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. லாரி கடந்து போனபின் இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டிருந்த கேம்பர் இப்போது ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுகிறது. 26-ஆம் எண் சாலையின் திருப்பங்களில் அந்தத் தயக்கம் ஏறத்தாழ இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் வரும் குலுக்கல் முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டேன். நூறு மைல் ஓடியதும் யூ போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தபோது நான்கில் ஒன்று கால் சுற்றுக் கொடுத்தது. செப்டம்பரில் கேம்பரை இறக்கியபின் லிங்க்குகளை வெளித்துளைக்கு மாற்றியிருக்கிறேன். அக்டோபர் மழையிலும் வால் வழுக்கினால் லிங்க்குகளைக் கழற்றி, கைகளைக் கட்டிவைத்து, அடுத்த ஜூலை வரை விட்டுவிடுவதாக இருக்கிறேன்.